தற்காப்புக் கலை பிள்ளைகளுக்கு அடக்கத்தைத் தருமா?

1990 முதல் வலிகாமம் வடக்கை விட்டு இடம்பெயர்ந்து நெல்லியடிப் பக்கம் வந்து சேர்ந்த குடும்பங்களில் தாய்மார் எம்மிடம் கேட்பதுண்டு: "சுவாமி, பொடியன் கராத்தேக்குப் போகப்போறன் எண்டு நிக்கிறான். போனால் இன்னும் அடிபிடிக்காரனாய் வருவானோ?"

இந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. எமது மண்ணில் 'பயிற்சி' என்ற சொல்லுக்கு நீண்டகாலம் வேறொரு பொருள் இருந்தது. அதற்குப் போன பிள்ளைகள் பலர் வீடு திரும்பவில்லை. நெல்லியடி மத்திய மகா வித்தியாலயமே இராணுவ முகாமாக இருந்து, 1987 யூலை 5ஆம் நாள் தாக்குதலுக்கு உள்ளானது. ஆகவே, அடிக்கக் கற்பிக்கும் எதையும் தாய்மார் ஐயத்துடன் பார்ப்பது இயல்பே.

ஆய்வாளர்களும் இதே கேள்வியை எழுப்பியுள்ளனர். 1986இல் அமெரிக்காவில் ட்ருல்சன் என்பவர், குற்றச்செயல்களில் ஈடுபட்ட பதின்ம வயதுப் பையன்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்குத் தைக்குவொண்டோவை அதன் மரபுப்படி, தியானம், மரியாதை, ஒழுக்கம் என்பவற்றுடன் கற்பித்தனர். இன்னொரு குழுவுக்குச் சண்டை முறைகளை மட்டும் கற்பித்தனர். மூன்றாவது குழு வேறு விளையாட்டுக்களில் ஈடுபட்டது. ஆறு மாதத்தின் பின் முதற் குழுவில் மூர்க்கம் குறைந்தது. இரண்டாவது குழுவிலோ கூடிவிட்டது. 2004இல் அமெரிக்கப் பாடசாலையொன்றில் மூன்று மாதம் தைக்குவொண்டோ பயின்ற சிறுவர், வழக்கமான உடற்பயிற்சி செய்தவர்களைவிடத் தன்னடக்கத்தில் முன்னேறியதாக லேக்ஸ், ஹொய்ற் ஆகியோர் கண்டனர். ஆனால் நோர்வேயில் 2005இல் வெளியான ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. குத்துச்சண்டை, மல்யுத்தம், பாரந்தூக்கல், கீழைத்தேயத் தற்காப்புக் கலைகள் ஆகியவற்றில் ஈடுபட்ட பையன்களிடம் முரட்டு நடத்தை அதிகரித்திருந்தது. ஆகவே கலையின் பெயரை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. கற்பிக்கும் முறையைத்தான் பார்க்க வேண்டும்.

அடக்கம் எப்படி வருகிறது? ஜிகோரோ கானோ 1882இல் ரோக்கியோவில் தொடங்கிய ஜூடோவில் பிள்ளை முதலில் பழகுவது, காயப்படாமல் விழுவதை. கராத்தேயில் குத்தை எதிராளியின் உடலில் படுமுன் நிறுத்தப் பழக்குவார்கள்; போட்டியிலும் அளவுமீறிய அடி குற்றமாகும். முழு வேகத்தில் போகும் கையை நிறுத்துவதென்பது சொல்லிக்கொடுத்து வருவதல்ல, பலநூறு தடவை செய்து உடம்பே பழகுவது. எமது சிலம்படியிலும் வணக்கமும் காலடியும் முந்தி வரும், அடி பிந்தித்தான்.

ஆகவே பெற்றோரே, பிள்ளையைச் சேர்க்குமுன் ஒருநாள் வகுப்பில் போய் இருந்து பாருங்கள். ஆசிரியர் பிள்ளைகளைப் பிரம்பால் வெளுக்கிறாரா? அப்படியானால் அந்த வகுப்பு வேண்டாம். அடிவாங்கிப் படிக்கும் பிள்ளை அடக்கத்தைப் படிப்பதில்லை. சின்னவன் தோற்றால் பெரியவர்கள் சிரிக்கிறார்களா? பெண்பிள்ளைகளுக்கும் சரியான இடம் உண்டா? முகாம் வாழ்க்கையில், ஒரே குழாயடியில் பத்துக் குடும்பம் தண்ணீருக்கு நின்று வளர்ந்த பிள்ளைக்கு, தன்முறை வரும்வரை வரிசையில் நிற்பதே பெரிய பாடம்.

செலவையும் முன்கூட்டியே விசாரியுங்கள். மாதக் கட்டணம் குறைவாக இருந்தாலும், பட்டித் தேர்வுக்கும் சீருடைக்கும் வேறாகக் கேட்பார்கள். வெங்காயம் விலைபோகாத போகத்தில் அது பாரமாகிவிடும். ஊரில் சிலம்படி தெரிந்த முதியவர் இருந்தால் அவரிடம் கேட்டுப்பாருங்கள். அதற்குப் பட்டியும் வேண்டாம், சீருடையும் வேண்டாம். ஒரு தடியும் கொஞ்சம் வெறுங்காணியும் போதும்.