ஆயிரம் தோலா மொஹர்: முகலாயரின் மாபெரும் பொற்காசுகள்

நாணயம் என்பது கையிலிருந்து கைக்கு மாறிச் செல்லப் பிறந்த பொருள். சட்டைப் பையிலோ இடுப்பு முடிச்சிலோ அடங்க வேண்டும் என்பதே அதன் முதல் இலக்கணம். எனினும், ஒரு மனிதன் இரு கைகளாலும் தூக்க வேண்டிய அளவுக்குப் பெரிய காசுகளும் வரலாற்றில் அச்சிடப்பட்டுள்ளன. அவற்றுள் புகழ் மிக்கவை முகலாயப் பேரரசர்கள் வெளியிட்ட மாபெரும் பொன் மொஹர்கள். கடைத்தெருவில் செல்லாத இக்காசுகள் எதற்காக அச்சிடப்பட்டன? அவற்றை நாணயம் என்று அழைப்பது பொருந்துமா? இவ்வினாக்களுக்கு விடை காண, நாணயவியலோடு ஃபிக்ஹு நூல்களின் துணையும் நமக்குத் தேவைப்படுகிறது.

எண்ணிக்கையா, எடையா?

உமய்யா கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696-697) எழுத்துகள் மட்டுமே பொறித்த இஸ்லாமியத் தீனாரை வெளியிட்டார். அதன் எடை ஒரு மிஸ்கால். அதாவது ஏறத்தாழ 4.25 கிராம். பத்து திர்ஹம் ஏழு மிஸ்காலுக்குச் சமம் என்பது வெள்ளிக்கான அளவு. நம் சட்ட அறிஞர்கள் தீனார், திர்ஹம் என்று எழுதும்போது காசின் பெயரோடு அதன் எடையையும் சேர்த்தே கருதினார்கள். ஜகாத்துக்கான நிஸாப் 20 மிஸ்கால் பொன் என்பதும், பொன்னுக்குப் பொன்னை மாற்றும்போது இரு பக்கமும் எடை ஒத்திருக்க வேண்டும் என்பதும் இந்த அடிப்படையில் அமைந்தவையே.

இதனைப் பெருங்காசுக்குப் பொருத்திப் பார்ப்போம். ஒருவரிடம் 12 கிலோ எடையுள்ள ஒரே ஒரு பொற்காசு இருக்கிறது. ‘எண்ணிக்கையில் ஒன்றுதானே, இருபதை எட்டவில்லையே’ என்று அவர் வாதிட முடியாது. நிறுத்துப் பார்த்து, நாற்பதில் ஒரு பங்காகிய 300 கிராம் பொன்னை அவர் ஜகாத்தாகக் கொடுத்தாக வேண்டும். காசின் மீது எந்த அரசரின் பெயர் இருந்தாலும் தராசுக்கு அது பொன்னே.

அன்பளிப்புத் தீனார்கள்

பெருங்காசு அச்சிடும் வழக்கத்தை முகலாயர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அரபு இலக்கியத்தில் ‘தனானீருஸ் ஸிலாத்’ என்னும் சொல்லாட்சி உண்டு. அன்பளிப்புக்கென்றே அச்சிடப்பட்ட தீனார்கள் என்பது அதன் பொருள். ஹலப் நகரை ஆண்ட ஸைஃபுத் தவ்லா (இறப்பு ஹி. 356 / கி.பி. 967) ஒவ்வொன்றும் பத்து மிஸ்கால் எடையுள்ள தீனார்களை அச்சிடச் செய்து கவிஞர்களுக்கு வழங்கியதை இலக்கிய வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். கோரி வம்சத்து சுல்தான் முஹம்மது இப்னு ஸாம் கஸ்னாவில் வெளியிட்ட பத்து மிஸ்கால் பொற்காசுகள் சில இன்றும் கிடைக்கின்றன. கவிஞர், தூதர், தளபதி ஆகியோரைக் கண்ணியப்படுத்த மன்னரின் பெயர் தாங்கிய பொன்னை விடச் சிறந்த பரிசு வேறில்லை என்பது அக்கால எண்ணம்.

அக்பரின் அக்கசாலை

முகலாயர்கள் இவ்வழக்கத்தை வேறோர் உயரத்துக்குக் கொண்டு சென்றார்கள். அபுல் ஃபஸ்ல் தம் ‘ஆயினே அக்பரி’யில் அக்கசாலையின் பணியாளர்களையும் காசு வகைகளையும் விரிவாக விவரிக்கிறார். அவர் தரும் பட்டியலின் தலையில் நிற்பது ‘ஷஹன்ஷாஹ்’ என்னும் வட்டக் காசு. அதன் எடை 101 தோலா, 9 மாஷா, 7 சுர்க். இது ஒரு கிலோவைத் தாண்டும். எஃகில் எழுத்து வெட்டுவதில் ஈடு இணையற்றவர் என்று தில்லியைச் சேர்ந்த மௌலானா அலீ அஹ்மதை அவர் அதே பகுதியில் பாராட்டுகிறார். காசு பெரிதாக ஆக, எழுத்தணிக் கலைஞருக்குக் களமும் விரிந்தது. கையகலப் பொன்தகட்டில் ஃபார்ஸிக் கவிதை அடிகளைச் சித்திரம் போலப் பொறிக்க இடம் கிடைத்தது.

ஜஹாங்கீர் அரியணை ஏறியதும் பல்வேறு எடைகளில் காசுகள் அச்சிட ஆணையிட்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டினார். 100 தோலா பொற்காசு நூர்ஷாஹீ, 50 தோலா நூர்சுல்தானீ, 20 தோலா நூர்தவ்லத், 10 தோலா நூர்கரம், 5 தோலா நூர்மிஹ்ர் என்று அவரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார். நூருத்தீன் என்னும் தம் பட்டப்பெயரின் ஒளியைக் காசுகளின் மீதும் படரவிட்டார் எனலாம்.

இதே பேரரசரின் ஆட்சியில் நிகழ்ந்த மற்றொன்று நம் கவனத்துக்கு உரியது. புழக்கத்துக்குரிய மொஹரின் எடையையும் ரூபாயின் எடையையும் அவர் முதலில் சுமார் 20 விழுக்காடு கூட்டினார். பின்னர் மேலும் சிறிது கூட்டினார். கொடுக்கல் வாங்கலில் மக்கள் பழைய எடையையே விரும்புகிறார்கள் என்பது தெரிந்ததும், தம் ஆறாம் ஆட்சியாண்டில் (1611) முந்தைய எடைக்கே திரும்பினார். பரிசுக் காசின் எடை அரசரின் விருப்பம். சந்தைக் காசின் எடையோ மக்களின் வசதி. இந்த எல்லைக்கோட்டை ஆணையால் அழிக்க இயலவில்லை.

தூதருக்குக் கிடைத்த பரிசு

இன்று அறியப்படும் முகலாயக் காசுகளுள் மிகப் பெரியது ஹிஜ்ரி 1022இல் (கி.பி. 1613) ஆக்ராவில் அச்சிடப்பட்ட ஆயிரம் தோலா மொஹர். குறுக்களவு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். எடை சற்றேறக்குறைய 12 கிலோ. நம் ஊர்க் கணக்கில் 1,500 சவரன்! பதினொரு மாஷா எடையுள்ள புழக்க மொஹர்கள் ஆயிரத்தைத் தராசின் மறு தட்டில் வைத்தாலும் அது சமன்படாது; இன்னும் தொண்ணூறு மொஹர்கள் தேவைப்படும்.

ஈரானின் ஷாஹ் அப்பாஸ் அனுப்பிய தூதர் யாத்கார் அலீக்கு ஆயிரம் தோலா மொஹர் ஒன்றை வழங்கியதாக ஜஹாங்கீர் குறிப்பிடுகிறார். அக்பரின் மறைவுக்கு இரங்கல் தெரிவிக்கவும் புதிய பேரரசரை வாழ்த்தவும் வந்தவர் அத்தூதர். அவர் திரும்பியபோது முகலாயத் தூதராக கானே ஆலமும் உடன் சென்றார். இரு பேரரசுகளுக்கும் இடையே கந்தஹார் கோட்டை பற்றிய வழக்கு நெடுநாளாக இருந்து வந்தது. அச்சூழலில் இப்பரிசு வெறும் ஈகையன்று. ‘எங்கள் கருவூலத்தின் ஆழம் இது’ என்று அண்டை அரசருக்குச் சொல்லி அனுப்பிய செய்தி. ஆனால் 1622இல் ஷாஹ் அப்பாஸ் கந்தஹாரைக் கைப்பற்றிக் கொண்டார். பன்னிரண்டு கிலோ பொன் ஒரு கோட்டையைக் காக்கவில்லை.

ஷாஜஹான் காலத்திலும் இவ்வழக்கம் தொடர்ந்தது. ஹிஜ்ரி 1064ஆம் ஆண்டைய (கி.பி. 1653-54) அவருடைய 200 மொஹர் காசு இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அதன் ஒரு பக்கத்தில் கலிமாவும் நான்கு கலீஃபாக்களின் பெயர்களும் பொறிக்கப்பட்டிருந்தன. பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்த வெனிஸ் நகரத்தவரான மனூச்சி, இத்தகைய பெருங்காசுகள் புழக்கத்தில் செல்வதில்லை என்றும், அரசர் அவற்றை அரண்மனைப் பெண்டிருக்குப் பரிசாகத் தருவார் என்றும் எழுதியுள்ளார்.

அவை எங்கே?

அத்தனை காசுகளும் எங்கே போயின? பெருங்காசை மாற்றுவதற்குச் சந்தை இல்லை. அதைப் பயன்படுத்த விரும்புவோருக்கு இருந்த ஒரே வழி உருக்குவதுதான். 1739இல் நாதிர் ஷா தில்லியின் கருவூலத்தை வாரிச் சென்றதும் நாம் அறிந்ததே. ஷாஜஹானின் 200 மொஹருக்கு லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வார்ப்புப் பிரதி மட்டுமே எஞ்சியுள்ளது, மூலக்காசு மறைந்துவிட்டது. ஜஹாங்கீரின் ஆயிரம் தோலா மொஹர் 1987 நவம்பரில் ஜெனீவாவில் ஏலத்துக்கு வந்து, விற்பனையாகாமல் திரும்பியது.

இங்கே ஓர் ஒப்பீடு பயன்படும். ஸ்வீடன் நாட்டில் 1644இல் வெளியான பத்து தாலர் செப்புத் தகட்டுக் காசு, முகலாய மொஹரை விடவும் கனமானது, ஏறத்தாழ 19.7 கிலோ. ஆனால் அதன் காரணம் வேறு. மலிவான செம்பு தன் முழு மதிப்பையும் தன் எடையிலேயே சுமக்க வேண்டியிருந்தது. அச்சுமை தாளாத நாடு 1661இல் ஐரோப்பாவின் முதல் வங்கித் தாளை வெளியிட்டது. ஸ்வீடனின் கனம் தேவையால் வந்தது. ஆக்ராவின் கனம் பெருமிதத்தால் வந்தது.

நம் காலத்திலும் இப்பெருமிதம் ஓயவில்லை. கனடா 2007இல் 100 கிலோ பொற்காசை வெளியிட்டது. ஆஸ்திரேலியாவின் பெர்த் அக்கசாலை 2011இல் ஒரு டன் எடையுள்ள காசை உருவாக்கியது. கனடியக் காசுகளுள் ஒன்று 2017 மார்ச்சில் பெர்லினின் போடே அருங்காட்சியகத்திலிருந்து திருடப்பட்டது. திருடியவர்கள் தண்டிக்கப்பட்டனர், காசு கிடைக்கவில்லை. துண்டாக்கப்பட்டு விற்கப்பட்டிருக்கலாம் என்றே கருதப்படுகிறது.

இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) ‘இஹ்யா’வில் நன்றி செலுத்துதல் பற்றிய பகுதியில் பொன், வெள்ளி நாணயங்களைப் பொருள்களுக்கிடையே தீர்ப்பு வழங்கும் நீதிபதிக்கு ஒப்பிடுகிறார். நாணயத்தைப் பதுக்குபவர் அந்நீதிபதியைச் சிறையில் அடைத்தவர். அதைப் பாத்திரமாக வார்ப்பவரோ அவரைக் கூலி வேலைக்கு அனுப்பியவர். இவ்வளவுகோலால் நோக்கின், ஆயிரம் தோலா மொஹர் கலையழகில் குறைவற்றது, எழுத்தணியின் சிகரம், வரலாற்றுக்கு அரிய சான்று. ஆனால் ஒரு பிடி தானியத்துக்கும் விலை சொல்ல இயலாத நீதிபதி அது. அதே அக்கசாலையில் அச்சான சிறு ரூபாய், உழவனிடமிருந்து வணிகனுக்கும் வணிகனிடமிருந்து நெசவாளிக்கும் சென்று, தேய்ந்து, பெயரின்றி மறைந்தது. நாணயத்தின் கடமையை நிறைவேற்றியது எது என்று கேட்டால், அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழையை நாம் சுட்ட இயலாது.