மரப்பாச்சி பேசும்போது மூளை என்ன செய்கிறது?

மரப்பாச்சி பொம்மை பேசாது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் எஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ நாவலில் அது வாய் திறந்ததும் பிடரியில் லேசாகச் சிலிர்த்தது. 2020இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற சிறார் நாவல் அது. பேயைப் பற்றிய கதை என்று நினைத்துத் திறந்தால், பொம்மை துணைக்கு வருகிறது. பயப்பட வேண்டியது மனிதர்களைப் பார்த்துத்தான். குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைத் தொடும் கதை. மாயமும் குற்றமும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. எல்லாம் கற்பனை என்று முதல் பக்கத்திலேயே தெரிந்தும் உடம்பு ஏன் கேட்பதில்லை?

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நிக்கோல் ஸ்பியர், ஜெஃப்ரி சாக்ஸ் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பாதி விடை தருகிறது. ஸ்கேன் கருவிக்குள் படுத்திருந்தவர்களுக்கு ஒரு சிறுவனின் சாதாரண நாளைப் பற்றிய கதையைச் சொல் சொல்லாகத் திரையில் காட்டினார்கள். பையன் ஒரு பொருளைக் கையில் எடுக்கும் வரி வந்ததும், வாசகரின் மூளையில் கை அசைவோடு தொடர்புடைய பகுதி சுறுசுறுப்பானது. அவன் இடம் மாறும் வரியில் வேறு பகுதிகள். கை அசையவில்லை, கால் நகரவில்லை. உள்ளே மட்டும் ஒரு மெல்லிய ஒத்திகை. மூளைக்குக் கதை படிக்கவென்று தனி உறுப்பு கிடையாது. வாழ்வதற்கு வைத்திருக்கும் கருவியையே கதைக்கும் கடன் கொடுக்கிறது.

மாயம் வரும்போது என்ன ஆகிறது? பெர்லினில் சுன்-டிங் ஷூ, ஆர்தர் யாக்கோப்ஸ் குழுவினர் ஹாரி பாட்டர் நாவல்களிலிருந்து மந்திரம் நடக்கும் பத்திகளையும் நடக்காத பத்திகளையும் எடுத்துப் படிக்கக் கொடுத்தார்கள். மந்திரப் பத்திகளில் இடப்பக்க அமிக்டலா கூடுதலாக வேலை செய்தது என்று 2015இல் எழுதினார்கள். பயத்துக்கான உறுப்பு என்றுதான் அமிக்டலாவைச் சொல்லிப் பழகியிருக்கிறோம். உண்மையில் ‘இது முக்கியம், கவனி’ என்று தட்டி எழுப்புவது அதன் பெரிய வேலை. உலகத்தின் விதி ஒன்று உடைந்தால் அது எழுந்துகொள்கிறது.

ஆனால் எத்தனை விதிகளை உடைக்கலாம்? மாயக்கதையின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஜஸ்டின் பாரெட், மெலனி நைஹாஃப் ஆகியோர் 2001இல் வெளியிட்ட சோதனைகளில், இயல்பறிவுக்கு முரணான பொருள்கள் சாதாரணப் பொருள்களைவிட நன்றாக நினைவில் நின்றன. 2006இல் அரா நொரென்சாயன் குழு கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதைகளை எடுத்துப் பார்த்தது. எல்லோருக்கும் தெரிந்த கதைகளில் பெரும்பாலும் இரண்டு மூன்று அதிசயங்கள்தான் இருந்தன. மறக்கப்பட்டவற்றில் அந்த ஒழுங்கு இல்லை. சிலவற்றில் ஒன்றுமே இல்லை, சிலவற்றில் அதிசயம் அளவுக்கு மீறிப் போயிருந்தது.

பூந்தமல்லிக்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. வைணவ அடியார் திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் இது. நந்தவனத்தில் பூப்பறித்து, ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காஞ்சி வரதனுக்குக் கொண்டுபோனார், ஆலவட்டம் வீசினார், பெருமாள் அவரோடு பேசினார் என்கிறது வரலாறு. இராமானுசரின் சந்தேகங்களுக்குப் பெருமாள் சொன்ன ஆறு வார்த்தைகளும் நம்பி வழியாகத்தான் வந்தன. பக்தருக்கு அது அனுபவம், அதில் நாம் நுழைய வேண்டாம். நினைவை ஆராய்பவருக்கோ அதன் அமைப்பு வியப்பைத் தரும். பூ, வழிநடை, விசிறி, வியர்வை எல்லாம் நம் உலகத்துச் சரக்கு. நடுவில் ஒன்றே ஒன்று மட்டும் நம் உலகத்தை மீறுகிறது. ஆயிரம் ஆண்டுகளாகியும் ஒரு பாட்டி அதைத் தப்பில்லாமல் சொல்லிவிடுகிறாள். அண்மையில் படித்த சில மாயநாவல்களில் எனக்கு அலுப்புத் தட்டியது ஏன் என்றும் இதனால்தான் புரிந்தது. நான்கு நிலா, ஏழு இனம், பக்கத்துக்கு ஒரு மந்திரம்! எல்லாமே அதிசயமானால் அமிக்டலா தூங்கப் போய்விடும்.

குற்றக்கதை பிடித்து இழுப்பது வேறு கயிற்றால். கலிபோர்னியாவில் மத்தியாஸ் குரூபர் குழு 2014இல் வெளியிட்ட சோதனையில், பொது அறிவுக் கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டு விடைக்குச் சில நொடிகள் காக்கவைத்தார்கள். காத்திருக்கும்போது சம்பந்தமே இல்லாத ஒரு முகம் திரையில் வந்து போகும். விடை தெரிந்தே ஆக வேண்டும் என்று தவித்தவர்களுக்கு விடை மட்டுமல்லாமல் அந்த முகமும் நன்றாக நினைவில் நின்றது. டோபமைன் சார்ந்த பரிசு மண்டலம் அந்தக் காத்திருப்பில் முடுக்கிவிடப்பட்டிருந்தது. சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ படித்தவர்கள் எந்தத் திண்ணையில், எந்த மின்வெட்டில் படித்தோம் என்று இன்றும் சொல்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பேயா, விஞ்ஞானமா என்ற கேள்வியை அது கடைசிவரை மூடாமலே வைத்திருந்தது. திண்ணையும் சேர்ந்து மனப்பாடமாகிவிட்டது! பூந்தமல்லியில் 66ஆம் எண் பேருந்தில் அப்படி ஒரு நாவலோடு ஏறுபவர் குமணன்சாவடியைக் கவனிக்காமல் குன்றத்தூர் போய் இறங்கினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பூந்தமல்லியில் குற்றம் என்றால் நாவல் மட்டும் நினைவுக்கு வருவதில்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்கின் விசாரணை பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில் நடந்து, 1998 ஜனவரி 28 அன்று தீர்ப்பு வந்தது. செய்தியாகப் படித்த கொலையும் கதையாகப் படித்த கொலையும் மனத்தில் ஒரே மாதிரி இறங்குமா? இறங்காது. ரோல்ஃப் ஸ்வான் 1994இல் ஒரே பத்தியைச் சிலருக்குச் செய்தி என்றும் சிலருக்கு இலக்கியம் என்றும் சொல்லிக் கொடுத்தார். இலக்கியம் என்று நம்பியவர்கள் மெதுவாகப் படித்தார்கள், சொற்களையே நினைவில் வைத்தார்கள். செய்தி என்று நம்பியவர்களுக்கு நடந்தது என்ன என்பது கூடுதலாகத் தங்கியது. உல்ரிகே ஆல்ட்மான் குழு 2014இல் இதே போன்றதை ஸ்கேனில் பார்த்தது. கற்பனை என்ற சீட்டு ஒட்டியிருந்தால், ‘இப்படியும் நடந்திருக்கலாமோ’ என்று சாத்தியங்களைக் கட்டிப் பார்க்கும் போக்கு மூளையில் தெரிந்தது.

இலக்கியக் கதை படித்தால் பிறர் மனத்தைப் புரிந்துகொள்ளும் திறன் கூடும் என்று 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வைப் பலரும் கொண்டாடினார்கள். பின்னால் மற்றவர்கள் திரும்பச் செய்தபோது அந்த விளைவு உறுதியாக வரவில்லை. ஒரே ஒரு சிறுகதையைப் படித்ததும் திருந்திவிடும் மனிதரை நானும் பார்த்ததில்லை. ஆனால் ‘கற்பனை’ என்ற அந்தச் சீட்டின் வேலையை நம்புகிறேன். ஒரு பெரியவர் தகாத முறையில் தொட்டார் என்ற செய்தி வந்தால் வீட்டில் பேப்பரை மடித்து ஒளித்துவைப்போம். அதையே பொம்மை பேசும் கதையாக ஆறாம் வகுப்புப் பெண் படிக்கும்போது, பாலபாரதியின் நாவலில் வரும் ஷாலினியின் இடத்தில் தன்னை வைத்து, யாரிடம் சொல்லலாம், எப்படிச் சொல்லலாம் என்று அவள் மனம் ஒத்திகை பார்க்க இடம் கிடைக்கிறது.