மலை இறங்கினால் மின்சாரம்!

மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறி ஊட்டிக்குப் போனவர்களுக்கு இரண்டு வாசனைகள் மறக்காது. பர்லியாறு பக்கம் ஜன்னல் வழியாக வரும் ஈரக் காட்டு வாசனை ஒன்று. முன்னால் முக்கி முனகி ஏறும் வண்டியின் டீசல் புகை இன்னொன்று. இறங்கும்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொள்ளும்: பிரேக் கருகும் வாடை.

2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் கிளம்பின. சரி, நீலகிரிக்கு எப்போது? இதைக் கேட்டாலே, “சென்னை சமவெளி. மலையில் பேட்டரி வண்டி இழுக்குமா?” என்று பதில் கேள்வி வரும்.

இழுக்கும். நம்மில் பலர் அடிக்கடி போகிற திருமலை மலைப்பாதையிலேயே 2022 முதல் மின்சார பஸ்கள் ஓடுகின்றன. திருமலை என்ன, ஊட்டியின் உயரத்தில் பாதிகூட இல்லையே என்பீர்கள். இமாசலப் பிரதேசத்தில் மணாலியிலிருந்து ரோதங் கணவாய்க்கு, ஏறத்தாழ 13,000 அடி உயரத்துக்கு, 2017-லேயே மின்சார பஸ் விட்டார்கள். அங்கும் சுற்றுலா வண்டிகளின் புகை தாங்காமல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, வாகனங்களுக்கு வரம்பு போட்டது.

உண்மையில் மின்சார பஸ்ஸின் சாமர்த்தியம் ஏறுவதைவிட இறங்குவதில்தான் தெரியும். டீசல் பஸ்ஸை டிரைவர் கியரைக் குறைத்து, என்ஜினையே கடிவாளமாக்கி, பிரேக்கை விட்டுவிட்டு மிதித்து இறக்குகிறார். டீசல் எரித்து ஏறிய உயரமெல்லாம் வெறும் சூடாகக் காற்றில் போய்விடுகிறது. மின்சார பஸ்ஸிலோ, இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வேகத்தையும் பிடித்துவைக்கும், பேட்டரியையும் நிரப்பும். பிரேக்குக்கு வேலை குறைவு.

ஒரு சின்னக் கணக்கு. மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,900 மீட்டர். 10 டன் எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் ஏறக்குறைய 52 யூனிட் மின்சாரம் வேண்டும். நம் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கிற 100 யூனிட்டில் பாதி! இறங்கும்போது இதில் ஒரு நல்ல பங்கு திரும்பி வரும். முழுசாக வராது, வழியில் உராய்வும் சூடும் கொஞ்சம் தின்றுவிடும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஊட்டியில் பேட்டரியை முழுக்க நிரப்பிக்கொண்டு இறங்கினால், வழியில் கிடைக்கும் மின்சாரத்தைப் போட்டுவைக்க இடம் இருக்காது. அதனால் பெரிய சார்ஜிங் நிலையம் மலையடிவாரத்தில் இருப்பதுதான் நல்லது. மேலிருந்து விழும் தண்ணீரில் மின்சாரம் எடுக்கும் வித்தையை 1932-லேயே பைக்காராவில் செய்துகாட்டிய மலை இது. டீசல்தான் பாவம், டேங்கர் லாரியில் மூச்சிரைக்க மேலே ஏறி வரவேண்டியிருக்கிறது.

சிக்கல்கள் இல்லாமல் இல்லை. சென்னையில் ஓடும் நீளமான தாழ்தள பஸ்ஸை அப்படியே கொண்டுவந்து கொண்டை ஊசி வளைவில் திருப்ப முடியாது. கல்லட்டிப் பாதையில் மட்டும் அப்படி 36 வளைவுகள். நீளம் குறைந்த, தரையிலிருந்து உயர்ந்த வண்டிதான் சரிப்படும். ஜனவரி உறைபனியில் பேட்டரியின் தெம்பு குறையும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியதே, அந்த மாதிரி மழையில் மரமும் மின்கம்பமும் சாய்ந்தால் எதில் சார்ஜ் ஏற்றுவது? கொஞ்சம் டீசல் பஸ்களைக் கைவசம் வைத்திருப்பதே விவேகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சுற்றுலாப் பயணிகளுக்கான ஏற்பாடு எப்படியும் நடக்கும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடைக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று வெளியூர் வண்டிகளுக்கு எண்ணிக்கையும் வைத்தார்கள். அரசு பஸ்ஸுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆகவே புது வண்டிகள் வந்தால் முதலில் கோவை, ஊட்டி வழித்தடத்துக்கே போகும். பளபளப்பாகப் படமும் எடுப்பார்கள்.

ஆனால் மஞ்சூருக்கும் பந்தலூருக்கும் கோத்தகிரி எஸ்டேட்டுகளுக்கும் போகிற பஸ்? தேயிலை பறிக்கும் அக்காவுக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும், ஊட்டி பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பும் பாட்டிக்கும் அதுதான் கார், ஆட்டோ, ஆம்புலன்ஸ் எல்லாம். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் 2024-ல்தான் மலைப்பகுதிக்கு வந்தது. மழைக்காலத்தில் பஸ்ஸுக்குள்ளேயே குடை விரிக்கும் அவஸ்தை நம் ஊருக்குப் புதிதில்லை. புது வண்டி சாலைக்கு வந்து, கழித்துவிட்ட வண்டி எஸ்டேட்டுக்குப் போனால், புகை இடம் மாறும், அவ்வளவுதான்.

எஸ்டேட் வழித்தடம் மின்சார பஸ்ஸுக்குப் பொருத்தமும்கூட. தூரம் குறைவு, நேரம் நிச்சயம். பல பஸ்கள் ராத்திரி கடைசி ஊரிலேயே தங்கி, காலையில் முதல் டிரிப் எடுக்கின்றன. டிரைவரும் கண்டக்டரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும் அந்த ஏழெட்டு மணி நேரம் வண்டி சும்மாதான் நிற்கிறது. அங்கே ஒரு மும்முனை மின் இணைப்பும், சார்ஜருக்கு மேலே மழைக்கு ஒரு தகரக் கூரையும் போட்டுக்கொடுத்தால், விடிவதற்குள் பேட்டரி நிறைந்திருக்கும்.