மேஸ்திரி பார்த்துக்குவாருன்னு விடுறீங்களா? வீடு கட்டும்போது மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரு செலவு

திருச்சியில வேலை, லால்குடியில ஒரு மனை, பேங்க்ல ஹோம் லோன். இப்படி வீடு கட்ட இறங்குற நம்ம வயசுக்காரங்க டைல்ஸ் விலையைப் பத்து கடையில விசாரிப்பாங்க. "ஸ்ட்ரக்சுரல் ட்ராயிங் யார் போடுறா?"ன்னு கேட்டா மட்டும், "மேஸ்திரி பார்த்துக்குவாரு"ன்னு பதில் வரும்.

அப்ரூவல் ட்ராயிங் வேற, ஸ்ட்ரக்சுரல் ட்ராயிங் வேற. எவ்வளவு இடம் விட்டிருக்கு, எத்தனை ரூம்னு அரசாங்கத்துக்குக் காட்டுறது முதலாவது. அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், பில்லர்ல எத்தனை கம்பின்னு சொல்றது இரண்டாவது. 2024 ஜூலையில தமிழக அரசு சுயசான்று திட்டம் கொண்டு வந்துச்சு. 2,500 சதுர அடி வரையிலான மனையில, 3,500 சதுர அடிக்குள்ள, தரைத்தளமும் ஒரு மாடியும் கட்ட ஆன்லைன்லயே உடனடி அனுமதி. முன்கூட்டியே கள ஆய்வு கிடையாது, முடிச்ச பிறகு நிறைவுச் சான்றிதழும் வேண்டாம். அலையாம வேலை முடியுது, சந்தோஷம். ஆனா உங்க பில்லர் சரியா இருக்கான்னு யாரும் வந்து பார்க்கப் போறதில்லைன்னும் அதுக்கு அர்த்தம்.

ட்ராயிங்ல நடக்கிற தப்பு எங்கே போய் முடியும்னு சென்னை மௌலிவாக்கம் காட்டுச்சு. 2014 ஜூன் 28, சனிக்கிழமை சாயங்காலம். கட்டிக்கிட்டிருந்த 11 மாடி அடுக்குமாடி மொத்தமா சரிஞ்சு 61 பேர் செத்துப் போனாங்க. பெரும்பாலானவங்க ஆந்திரா, ஒடிசா, தமிழ்நாட்டுக் கட்டடத் தொழிலாளிங்க. நீதிபதி ரகுபதி ஆணையம் விசாரிச்சப்போ வடிவமைப்புக் குறைபாடு முக்கியக் காரணமா வந்துச்சு. பக்கத்துல நின்ன இன்னொரு கட்டடத்தையும் 2016 நவம்பர் 2-ம் தேதி வெடி வச்சு இடிச்சாங்க. அதுல வீடு புக் பண்ணவங்க பணத்தை நினைச்சுப் பாருங்க.

கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996 சட்டத்தோட மத்திய விதிகள் 1998-ல வந்துச்சு. கட்டுறவங்களோட பாதுகாப்பைத் திட்டமிடும் கட்டத்துலேயே யோசிக்கணும், பின்னாடி பராமரிப்புல வர்ற ஆபத்தையும் பார்க்கணும்னு ஆர்க்கிடெக்ட், இன்ஜினியர், டிசைனர்களுக்கு அதுல கடமை எழுதியிருந்துச்சு. பிரிட்டன்ல 2015 விதிகள் இன்னும் தெளிவு: ஆபத்தை முதல்ல ட்ராயிங்லயே நீக்கணும், முடியலைன்னா குறைக்கணும், மிச்சம் இருக்கிறதைக் கட்டுறவங்களுக்குச் சொல்லணும். சொந்த வீட்டுக்கும் அது பொருந்தும். நம்ம 1996 சட்டமோ 10 பேராவது வேலை பார்த்த இடத்துக்குத்தான் பொருந்துச்சு. அதனால சின்ன வீட்டுல அதைக் கேட்டு வாங்க வேண்டிய ஆள் நீங்கதான்.

லால்குடிக்கே வருவோம். நெல்லும் வாழையும் விளைஞ்ச வயல்தான் நிறைய இடத்துல இன்னிக்கு மனை. களிமண் நனைஞ்சா உப்பும், காஞ்சா சுருங்கும். பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தைப் பார்த்து அதே ஆழத்துக்குத் தோண்டச் சொல்றது எனக்குச் சுத்தமாப் பிடிக்காத பழக்கம். சாயில் டெஸ்ட் பண்ணுங்க. மனை பக்கத்துல 11 கிலோவோல்ட் லைன் போனா, கட்டடத்துக்கும் கம்பிக்கும் பக்கவாட்டுல 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர் இடைவெளி வேணும். பால்கனியை ரெண்டடி உள்ளே தள்ளுறது ட்ராயிங்ல அழிரப்பர் வேலை. அதை விட்டா, நீளக் கம்பியைத் தூக்குற தொழிலாளியோட உயிர். ஓவர்ஹெட் டேங்குக்கு நிலையான படி, மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர், ஆள் உள்ளே இறங்காம லாரி பைப் விட்டு உறிஞ்சுற மாதிரி செப்டிக் டேங்க் மூடி, இதெல்லாமும் பேப்பர்லயே முடிவாகணும். நாளைக்குக் கழுவப் போறது வேற யாரோ இல்ல, உங்க அப்பாவாவும் இருக்கலாம்.

இப்போ பணக் கணக்கு. கட்டுமானச் செலவு 40 லட்சம், லோன் 30 லட்சம்னு வச்சுக்குங்க. 8.5 சதவீத வட்டி, 20 வருஷம்னா இஎம்ஐ சுமார் 26,035 ரூபாய். டிசைனுக்கும் மேற்பார்வைக்கும் ஒன்றரை சதவீதம் கொடுத்தா 60,000. அதையும் லோன்லயே சேர்த்தாக்கூட மாசம் கூடுறது சுமார் 521 ரூபாய்தான்.

இன்சூரன்ஸ் இருக்கேன்னு சொல்லாதீங்க. பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி நிலம் தாழ்றதுக்குக் கவர் தரும். ஆனா தப்பான டிசைன், மட்டமான வேலை, மட்டமான பொருளால வந்த சேதத்துக்கு அந்தக் கவர் கிடையாது. புது வீடு உட்கார்றதால வர்ற சாதாரண விரிசலுக்கும் கிடையாது. இஎம்ஐ மட்டும் நிக்காது.

பேங்க்ல இருந்து ஒவ்வொரு கட்டத்துக்கும் வேல்யூவர் வருவாரு. அவர் பார்க்கிறது வேலை எவ்வளவு முடிஞ்சிருக்குன்னுதான். அதனால இன்ஜினியர்கிட்ட போடுற அக்ரிமெண்ட்லயே எழுதிக்குங்க: ஃபூட்டிங், பில்லர், ரூஃப் கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடி நேர்ல வந்து கம்பியைப் பார்த்துக் கையெழுத்துப் போடணும். அந்தக் கையெழுத்து வந்த பிறகு மேஸ்திரிக்கு அடுத்த பட்டுவாடா.