உத்திரமேரூர்க் குடவோலையும் பொதுவகைக் கட்டுப்பாடும்

பொருள்நோக்கு நிரலாக்கத்தில் ‘ஜெனரிக்’ எனப்படும் பொதுவகை என்பதொன்று உண்டு. ஒரே செயல்முறை பலவகைப் பொருள்களுக்கும் பயன்படற்பொருட்டு, வகையின் பெயர் நிற்குமிடத்தில் ‘டி’ என்பது போன்றதோர் எழுத்தை நிறுத்துவர். அவ்விடத்திற்கு எவ்வகை வரலாம் என வரையறுப்பதே கட்டுப்பாடு. இதனை விளக்க, காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏற்ற சான்றாதலை ஈண்டுக் காட்டுவோம்.

முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு (கி.பி. 919, 921) அவ்வூர்ச் சபையின் வாரியத் தேர்தல் முறையைக் கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாக வகுக்கப்பட்டிருந்தது. 921ஆம் ஆண்டு விதிப்படி, ஓலையிற் பெயர் எழுதப்பெறுவோர் இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையராய், தம் மனையில் வீடெடுத்து வாழ்வோராய், 35 அகவைக்கு மேல் 70 அகவைக்கு உட்பட்டோராய், வேதக் கல்வி வல்லோராய் இருத்தல் வேண்டும். அரைக்கால் வேலியே உடையாரும் ஒரு வேதமும் ஒரு பாஷியமும் வல்லராயின் ஏற்கப்பெற்றனர். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதார் விலக்கப்பட்டனர்.

இத்தகுதியாய்வு ஓலை குடத்துட் புகுமுன்னரே முடிந்துவிடும். ஆதலின் ஓலை எடுக்கும் சிறுவன் எதனையும் ஆராய வேண்டுவதில்லை. எவ்வோலை வரினும் அது தக்கார் பெயரே.

பொதுவகைக் கட்டுப்பாடும் இத்தன்மைத்தே. பொருள்களை வரிசைப்படுத்தும் நிரல் ஒன்றைக் கொள்வோம். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட இயன்றாலன்றி வரிசை அமையாது. கட்டுப்பாடு இல்லையேல், ‘டி’ ஒப்பிடத்தக்கது என நிரல் நம்புதற்கு இடமில்லை. 2004இல் பொதுவகையை ஏற்ற ஜாவா ‘எக்ஸ்டெண்ட்ஸ்’ என்னும் சொல்லாலும், 2005இல் ஏற்ற சி ஷார்ப் ‘வேர்’ என்னும் சொல்லாலும் இத்தகுதியைக் குறிக்கும். தகுதியில்லா வகையை நிரல் இயங்குமுன்னரே ‘கம்பைலர்’ மறுத்துவிடும். எனவே கட்டுப்பாடு புறத்தாரை விலக்குவது மட்டுமன்று. அகத்தே நிகழும் செயலுக்கு உறுதி தருவதுமாம்.

வேறுபாடும் ஒன்றுண்டு. அகவையும் கணக்குக் காட்டாமையும் தனிமனிதரைப் பற்றியன. நிரற்கட்டுப்பாடோ வகையின் இயல்பையே நோக்கும். தனிப்பொருளின் மதிப்பை அன்று.

கட்டுப்பாடு மிகினும் குற்றமே. பிரமதேயமாகிய அவ்வூரில், நிலமும் வேதக் கல்வியும் இல்லாதார் ஏரிப் பணியில் எத்துணை வல்லராயினும் அவர் பெயர் குடத்துட் புகவில்லை. நிரலிலும் வேண்டாத் தகுதியைக் கேட்பின், பணிக்குப் பொருந்தும் வகைகளும் புறத்தே நின்றுவிடும். செயலுக்கு இன்றியமையாததனை மட்டுமே கேட்டல் முறை என்பது எம் துணிபு.