மெட்டில்டாவின் குதிரை



திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் நம் பிள்ளைகளுக்குத் தோணி தெரியும், வலை தெரியும். பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் போனால் மான்களைப் பார்க்கலாம். குதிரை? அதற்கு நெடுந்தீவுக்குத்தான் போக வேண்டும். இத்தனைக்கும் ஒரு காலத்தில் அரபு வணிகர்கள் குதிரைகளைக் கப்பலேற்றி, எதிர்க்கரையில் காயல் துறையில் இறக்கி விற்றார்கள். 'ராவுத்தர்' என்ற பெயருக்கே குதிரை வீரர் என்றுதானே பொருள்!

அப்படியிருக்க, இலங்கைக் கொடியின் கீழ் ஒரு பெண் குதிரையேறி ஒலிம்பிக்கில் இறங்கினார் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அவர் பெயர் மெட்டில்டா கார்ல்சன். 1984இல் இலங்கையில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே சுவீடன் நாட்டுத் தம்பதியர் தத்தெடுத்துச் சென்றனர்.

எண்பதுகளில் நம் நாட்டிலிருந்து இவ்வாறு ஐரோப்பாவுக்குப் போன குழந்தைகள் ஆயிரக்கணக்கில். எல்லாம் நேர்மையாக நடந்ததா என்றால், இல்லை. போலிப் பத்திரங்களையும், பெற்ற தாய் போல நடிக்க அழைத்து வரப்பட்ட பெண்களையும் பற்றி 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி ஒன்று அம்பலப்படுத்தியது. மெட்டில்டாவைக் குறித்து இதைச் சொல்லவில்லை. பெற்ற உம்மாவின் முகம் தேடி இங்கே வந்திறங்கும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்களே, அதற்காகச் சொல்கிறேன்.

சுவீடனுக்காகப் போட்டியிட்டு வந்த மெட்டில்டா, பின்னர் பிறந்த நாட்டுக்காகவே குதிரையேற முடிவு செய்தார். அவருடைய விளையாட்டு, தடை தாண்டல். ஒலிம்பிக்கில் தடைகளின் உயரம் 5 அடி 5 அங்குலம் வரை போகும். நம்மில் பலர் அவ்வளவு உயரம் இல்லை! ஒரு கட்டை விழுந்தால் 4 குற்றப் புள்ளிகள். சவாரி செய்பவர் கீழே விழுந்தால் ஆட்டமே முடிந்தது. ஆணுக்கென்றும் பெண்ணுக்கென்றும் தனிப் போட்டி இல்லை. இரு பாலாரும் ஒரே களத்தில். ஆனால் அந்த இடம் பெண்களுக்குக் கிடைத்ததே 1956இல்தான்.

ஒலிம்பிக் தகுதியும் அவருக்கு எளிதில் வாய்க்கவில்லை. பிரான்சில் நடந்த சில போட்டிகள் விதிப்படி நிரலில் சேர்க்கப்படவில்லை என்று கூறி, அவற்றில் கிடைத்த புள்ளிகளை உலகக் குதிரையேற்றச் சம்மேளனம் நீக்கியது. கையிலிருந்த இடம் ஹொங்கொங்குக்குப் போயிற்று. பிழை ஏற்பாட்டாளர் பக்கம். தண்டனை சவாரி செய்தவருக்கு! மெட்டில்டா பேசாமலிருக்கவில்லை. விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்கு வழக்கு போனது. 2020இல் இலங்கைக்கே இடம் திரும்பக் கிடைத்தது.

கொரோனாவால் ஓராண்டு பிந்திய டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்ட் 3ஆம் திகதி, ஷோபான் என்ற தன் குதிரையோடு அவர் களம் கண்டார். வெயிலுக்கு அஞ்சிப் போட்டியை இரவில் வைத்திருந்தார்கள். முதல் 30 பேருக்கே இறுதிச் சுற்று. அதில் அவர் இல்லை. ஆயினும் ஒலிம்பிக்கில் குதிரையேறிய முதல் இலங்கையர் அவரே.

அம்முறை இலங்கையிலிருந்து போனவர்கள் ஒன்பதே பேர். நீச்சல் வீராங்கனை அனிக்கா கபூரும் அவர்களில் ஒருவர். அவரைப் பற்றி இன்னொரு மாதம் பேசுவோம்.