கணினியிலும் ஒரு பிடியரிசி

முன்னாளில் நம் இல்லத்தரசியர், உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்து வேறொரு பானையில் இட்டு வைப்பர். அவ்வாறு சேர்ந்த பிடியரிசியைக் கொண்டே பாடசாலைகளை நடத்திய பெரியோர் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தனர். ஒரு பிடி குறைந்தமையால் எவ்வீட்டிலும் பசி தோன்றியதில்லை. பல பிடிகள் கூடியபோதோ பெரும்பணிகள் நிறைவேறின. இக்காலத்து இல்லங்களிலும் அவ்வாறு பிடி பிடியாக ஈயத்தக்க பொருள் ஒன்று உண்டு. அது கணினியின் ஓய்வு நேரமாகும்.

கடிதம் எழுதும்போதும் செய்தி படிக்கும்போதும் நாம் கணினியின் ஆற்றலில் மிகச் சிறு பங்கையே பயன்படுத்துகின்றோம். எஞ்சியதை மருத்துவ ஆராய்ச்சிக்கு ஈயும் வழியொன்றை, அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விஜய் பாண்டே என்பார் 2000ஆம் ஆண்டில் தொடங்கி வைத்தார். ‘போல்டிங் அற் ஹோம்’ என்பது அதன் பெயர். ‘வீட்டிலே மடித்தல்’ எனப் பொருள்படும். மடிக்கப்படுவது யாது?

நம் உடலின் தொழில்களுட் பெரும்பாலானவற்றைச் செய்வன புரதங்கள். அமினோ அமிலங்கள் கோத்த மாலை போன்றது புரதம். அம்மாலை தானே சுருண்டு மடிந்து, தனக்குரிய வடிவத்தை அடைந்த பின்னரே பெரும்பாலும் தொழிற்படும். மடிப்புப் பிழைத்தால் நோய் விளையலாம். நினைவை அழிக்கும் அல்சைமர் நோயில், பிழையாக மடிந்த புரதங்கள் மூளையிலே திரண்டு கிடக்கின்றன.

இவ்வசைவைக் கணக்கிட்டு அறிதல் எளிதன்று. ஒரு வினாடியை ஆயிரம் இலட்சம் கோடிக் கூறுகளாக்கி, அத்தகைய இரண்டொரு கூறுக்கு ஒருமுறை அணுக்கள் அனைத்தின் நிலையையும் கணித்தல் வேண்டும். வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் நிகழ்வதை அறிவதற்கே ஏறத்தாழ ஐம்பதாயிரம் கோடிப் படிகள் தேவைப்படும். தனியொரு கணினி இதனைச் செய்து முடிக்க ஆண்டுகள் பல கழியும். ஆகவே அறிஞர் இக்கணக்கைச் சிறு சிறு பகுதிகளாக்கி இணைய வழியாக வீடுகளுக்கு அனுப்புகின்றனர். நம் கணினி ஓய்ந்திருக்கும்போது தன் பகுதியைக் கணித்து விடையைத் திருப்பி அனுப்பும். அவ்விடைகளை அவர்கள் ஒன்றாகக் கோத்துப் பொருள் காண்பர்.

இதனால் விளைந்த பயன் யாது? 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றுப் பரவியபோது, உலகெங்குமிருந்து பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் இப்பணியில் இணைந்தனர். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் அவர்தம் கணினிகளின் மொத்த வேகம், வினாடிக்கு நூறு கோடியை நூறு கோடியாற் பெருக்கிய தொகையைக் கடந்தது. அக்காலத்துப் பெருங்கணினி எதுவும் தனித்து எட்டாத வேகம் அது. வைரசின் கூர்முனைப் புரதம் நம் உயிரணுவைப் பற்றுவதற்காக எவ்வாறு திறந்து கொள்கிறது என்பதை அக்கணிப்புகள் காட்டின.

யப்பானின் சீபா நகரத்து அறிஞர், குழந்தைகளைத் தாக்கும் நரம்புப் புற்றுநோய் ஒன்றுக்கு மருந்து தேடி, ஐபிஎம் நிறுவனம் 2004இல் தொடங்கிய ‘வேர்ல்ட் கொம்யூனிற்றி கிரிட்’ என்னும் தொண்டர் அமைப்பை நாடினர். முப்பது இலட்சம் சேர்மங்களை இவ்வாறு சலித்தெடுத்து, நம்பிக்கைக்குரியவை ஏழு என 2014இல் அறிவித்தனர். ஆய்வுகூடத்தில் நம்பிக்கை தருவது நோயாளிக்கு மருந்தாக இன்னும் நெடுவழி உண்டு. எனினும் அத்தேடலைத் தொடங்கும் இடத்தை இவ்வுதவி காட்டிற்று.

செயற்கை நுண்ணறிவு புரதத்தின் வடிவத்தை முன்னுரைக்க வல்லதாயிற்று. அதற்காக அறிஞர் இருவர் 2024இல் நோபல் பரிசிற் பங்கு பெற்றனர். இனி இத்தொண்டு எதற்கு எனச் சிலர் வினவலாம். வடிவத்தை அறிதல் நிழற்படத்தைக் காண்பது போன்றது. புரதமோ ஓயாது அசைவது. அவ்வசைவை அறியக் கணிப்பு இன்னும் வேண்டப்படுகின்றது.

ஆயினும் இத்தானம் செலவற்றதன்று. கணிக்கும் கணினி வெறிதே இருக்கும் கணினியிலும் கூடிய மின்சாரத்தை உண்ணும். நூறு வாற்று மிகுதியாகச் செலவானால் பத்து மணித்தியாலத்தில் ஓர் அலகு ஏறிவிடும். மடிக்கணினி சூடேறும். ஆதலின் நாளுக்கு எத்தனை மணி நேரம் என வீட்டார் கூடி முடிவு செய்தல் நன்று. மென்பொருளை ஆராய்ச்சி நிறுவனத்தின் தளத்திலிருந்தே பெறுதல் வேண்டும். கல்லூரியினதோ அலுவலகத்தினதோ கணினியில் அனுமதியின்றி இதனைச் செய்தல் தகாது. பிறர் பானையிலிருந்து எடுத்த அரிசி தானமாகாது.

இவற்றை வகுப்பிலே விளக்கியபோது மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, எங்கள் கணினி செய்த கணக்கு எந்த நோயாளிக்கு உதவிற்று என்று அறிய முடியுமா?” என வினவினான். முடியாது என்றேன். அவன் முகம் சற்று வாடியது. “உன் பாட்டியார் இட்ட பிடியரிசி எந்தப் பிள்ளையின் படிப்புக்கு உதவிற்று என்று அவர் அறிவாரா?” என்று கேட்டேன். அவன் சிறிது நேரம் சிந்தித்து, “வீட்டில் அப்பாவைக் கேட்டு வருகிறேன், ஐயா” என்று கூறி அமர்ந்தான்.

மின்கட்டணம் செலுத்துபவரைக் கேட்டுத் தொடங்குவதே முறை. வாசகர் இல்லங்களிலும் இப்பேச்சு இன்றே எழுவதாக.